பரடும் பிசகும்: கணுக்கால் தளர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உடலுறுப்புகளின் பெயர்கள் ஒரு மொழியின் பழஞ்செல்வங்களுள் அடங்குவன. அவற்றுள் கணுக்காலைக் குறிக்கும் சொற்களையும், அம்மூட்டு நிலை தளர்ந்தவிடத்து மக்கள் அதனை எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு பேணினர் என்பதையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சிக்கு ஓசூர், கிருட்டினகிரிப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டோம். 2004 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தருமபுரியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நிலப்பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. 1971 இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை ஓசூரில் எழுந்த பின்னர், பொழுதெல்லாம் நின்றும் நடந்தும் உழைக்கும் தொழிலாளர் பலர் இங்கு வந்து குடியேறினர். ஆதலின் சொல்லை ஆராய்வார்க்கும் நோயை ஆராய்வார்க்கும் ஏற்ற இடம் இஃது எனலாம்.

1. சொற்கள் காட்டுவன

பரடு என்பது கணுக்காலுக்குரிய பழம்பெயர். கன்னடத்தில் இதுவே ஹரடு என வழங்கும். பால் என்பது ஹாலு எனவும், பல் என்பது ஹல்லு எனவும் நின்றாற்போல, சொன்முதற் பகரம் ஹகரமாகத் திரிந்த வடிவம் இது. கணைக்கால் என்பதும் கன்னடத்தில் கணகாலு என உண்டு. தெலுங்கிலோ சீலமண்ட என்னும் வேறு சொல் வழங்குகின்றது. கணு என்பது மூங்கில், கரும்பு முதலியவற்றின் இணைப்பைக் குறிப்பது. மொழி என்னும் சொல்லும் மரத்தின் கணுவையும் உடலின் பொருத்தையும் ஒருங்கே சுட்டும். காலும் அடியும் கூடுமிடத்தை முன்னோர் ஒரு கணுவாகவே கண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

இனி ஊறு குறித்த சொற்களைக் காண்போம். சுளுக்கு, உளுக்கு, பிசகு என்பன தமிழில் வழங்குவன. கன்னட உளுகு என்பது நம் உளுக்கு என்பதனோடு ஒப்புநோக்கத் தக்கது. தெலுங்கர் பெணுகு என்பர். இவை யாவும் ஒரு கணத்தில் நேர்ந்த நிகழ்ச்சியையே குறிக்கின்றன. வீக்கம் வடிந்து வலி நீங்கிய பின்னரும், சமநிலத்தில் நடக்கும்போதே கால் புரண்டு ஆளைத் தள்ளிவிடும் நெடுநாள் நிலைமைக்கு மக்கள் வழக்கில் தனிச்சொல் வேரூன்றவில்லை. கால் அடிக்கடி மடங்குகிறது என்று தொடராற் கூறுவதே வழக்கு. பெயர் பெற்ற சுளுக்கு மருத்துவமும் பெற்றது. பெயர் பெறாத தளர்ச்சியோ கவனிப்பாரின்றி நின்றது. இதுவே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

2. கட்டு மருத்துவம்

பண்டை மருத்துவர் கணுக்காலின் அருமையை அறியாதவர் அல்லர். சுசுருத சங்கிதை இதனைக் குல்பம் என்னும் மருமமாக எண்ணி, அங்கு ஊறு நேரின் வலியும் கால் விறைப்பும் நொண்டுதலும் உண்டாம் என்கின்றது. அடியைப் பிறழ வைத்தலால் வாதம் அப்பகுதியில் தங்கி வருத்தும் நோய்க்கு வாதகண்டகம் என்று பெயரும் இடுகின்றது. நோய்க்கு முதல் அடிவைப்பின் பிழையே எனக் கண்டமை போற்றத்தக்கது.

தென்னாட்டில் எலும்பு வைத்தியம் என்றவுடன் நினைவிற்கு வருவது புத்தூர்க் கட்டு. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள புத்தூரை அடுத்த சிற்றூரொன்றில் 1881 ஆம் ஆண்டு கேசவராசு என்பார் இதனைத் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு, மூங்கிற் சிம்பு, துணி ஆகியவை இதற்குரிய பொருள்கள். மேனாட்டு முறை மருத்துவமனைகளும் நெடுங்காலம் சுளுக்கிற்கு மாவுக்கட்டு இட்டு வந்தன. இரண்டும் அசைவை நிறுத்தும் முறைகளே. முறிந்த எலும்பு கூடுதற்கு அசையாமை வேண்டும். பிசகிய கணுவிற்கு அதுமட்டும் போதுமோ என்பதே வினா.

3. 1965 இல் நேர்ந்த திருப்பம்

கணைக்கால் எலும்புகள் இரண்டும் கூடி அமைத்த கவட்டினுள் கணுவெலும்பு பொருந்தியுள்ளது. அவ்வெலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருத்தலின், அடியின் முன்பகுதி கீழ்நோக்கிச் சாயுங்கால் பொருத்து நெகிழும். படியிறங்கும்போதும் குதித்து ஊன்றும்போதும் கால் எளிதிற் புரள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். புறப்பக்கத்துப் பிணைநார்கள் மூன்றனுள் முன்னுள்ளது மெலிது; அடி உட்புறம் புரளின் பெரும்பாலும் முதலிற் கிழிவது அதுவே.

1965 இல் ஆங்கில மருத்துவர் பிரீமனும் உடன் ஆய்ந்தாரும் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர். நார் கிழியும்போது அதனுள் உள்ள உணர்நரம்பு முனைகளும் சிதைகின்றன. கால் எந்நிலையில் உள்ளது என்னும் செய்தி உரிய நேரத்தில் எட்டாமையால் தசை காலைத் தாங்கத் தவறுகின்றது என்றனர். ஆடும் பலகைமேல் நின்று உடலைச் சமன்செய்யும் பயிற்சியால் இத்தளர்ச்சி குறைந்தமையையும் காட்டினர். அடுத்த ஆண்டே சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் புரோஸ்ட்ரோம், கிழிந்த நாரையே தைத்துச் செப்பனிடும் முறையை வெளியிட்டார். பின்வந்தோர் தசை வலிமை, மூளையின் இயக்க ஒழுங்கு முதலியவற்றையும் காரணங்களாகச் சேர்த்தனர். எனினும் பயிற்சி வேண்டும் என்னும் முடிபு மாறவில்லை.

பயிற்சியால் அடிவைப்பைத் திருத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலம்பத்தில் கோல் வீச்சோடு காலடி வைப்பும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆயின் அக்கல்வி ஆடுகளத்திற்கு உரியதாகவும், கட்டு நோயாளிக்கு உரியதாகவும் பிரிந்தே நின்றன.

4. இன்றைய நிலை

1992 இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர் வகுத்த விதிகள் இன்று பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. கணுவெலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்த வலித்தாலும், நான்கு அடி நடக்க இயலாவிடினும் ஊடுகதிர்ப் படம் எடுத்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். முறிவு இல்லையெனின், காலுக்கு உறை அணிந்து வலி பொறுக்குமளவு விரைவில் நடக்கத் தொடங்கலாம். பின்னர் ஒற்றைக்காலில் நிற்றல், குதிகாலை உயர்த்தல், நெகிழ் பட்டையை எதிர்த்து அடியை வெளிப்புறம் திருப்பல் ஆகிய பயிற்சிகளைப் பல வாரம் செய்தல் வேண்டும். சில திங்கள் முயன்றும் கால் மடங்குமாயின் அறுவை மருத்துவம் கருதத்தக்கது.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, 1955 இல் கோவை வாயிலாகத் தமிழகத்திற்கு வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவத்தோடு ஊதிய ஈடும் அளித்தது. ஆயின் வீக்கம் வடிந்த நாளையே நலம் பெற்ற நாளாகக் கொள்ளின், தொழிலாளி தளர்ந்த காலோடு பொறியின் முன் நிற்க நேரும், மீண்டும் வீழ்வான். பிசகு என்னும் சொற்குத் தவறு என்றும் பொருள் உண்டு. கால் பிசகியவனைக் கருத்துப் பிசகியவனாகக் கருதிக் கடிதல் எளிது. அவன் குற்றம் அதுவன்று. நாரோடு உணர்வும் சிதைந்த கணு அவனுக்குக் காலத்தில் செய்தி சொல்லவில்லை என்பதே உண்மை.

5. முடிபு

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுவோன். ஆங்கு நோயுற்றவனே முதற்கண் எண்ணப்படுகின்றான். கட்டு தீர்ப்பவன் செயல். பயிற்சி உற்றவன் செயல். முன்னதோடு அமைந்து பின்னதை மறந்ததே கணுக்காலைப் பொறுத்தவரை நம் குறை. இந்நிலைமையைக் கணுத்தளர்ச்சி என வழங்கலாம் என்பது எம் கருத்து. சுளுக்கு நீங்கியது, கணுத்தளர்ச்சி நீங்கவில்லை என ஒரு தொழிலாளி மருத்துவரிடத்தும் மேலாளரிடத்தும் சொல்ல முடியுமாயின், அச்சொல் தன் பயனைத் தந்ததாகும்.