முழங்காலும் தலைமுறையும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஒரு மொழியின் பழமையை ஆராய்வோர் அதன் காவியங்களையும் கல்வெட்டுக்களையும் முதற்கண் நாடுவது வழக்கம். ஆயின் அன்றாட வழக்கிலுள்ள எளிய சொற்களும் அவற்றுக்கு நிகரான வரலாற்றுச் சான்றுகளாக அமைதல் உண்டு. ஆங்கிலத்தில் முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஓரசையே கொண்ட இச்சொல்லில் நீண்டதோர் ஒலிமாற்ற வரலாறும், மறைந்துபோன சமுதாய வழக்கு ஒன்றின் நினைவும் ஒருங்கே பொதிந்துள்ளன. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்காவிடத்து ஏற்படும் மயக்கம் சொற்பிறப்பியல் பயில்வோர் அனைவரும் அறியற்பாலது.

ஒலியின் வரலாறு

இச்சொல்லை எழுதுகையில் ஆங்கிலேயர் முதலில் ஒரு ககரத்தை இடுவர். ஆனால் அதனை ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'க்னேயோ' என வழங்கியது. அக்காலத்தில் ககரம் தெளிவாகவே ஒலித்தது. 1476இல் வில்லியம் கக்ஸ்டன் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோதும் அவ்வொலி வழக்கில் இருந்தது. அச்சு நூல்கள் பெருகப் பெருக எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது. பேச்சோ தொடர்ந்து மாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை அண்டி னகரத்துக்கு முன்வந்த ககரம் பொதுவழக்கினின்றும் நீங்கிற்று. ஜேர்மன் மொழியில் 'க்னீ' என்னும் சொல்லில் அது இன்றும் ஒலிக்கின்றது. கொதிக் மொழியின் 'க்னியு', பழைய நோர்ஸ் மொழியின் 'க்னே' என்பன இவற்றின் உடன்பிறப்புக்கள்.

ஜேர்மானியக் கிளைக்கு அப்பாலும் இச்சொல்லின் உறவு விரிகின்றது. இலத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கொனு', ஹிற்றைற் மொழியில் 'கெனு', வடமொழியில் 'ஜானு', பாரசீகத்தில் 'ஸானூ' என முழங்கால் பெயர் பெறுகின்றது. தமிழ் வரிவடிவில் வேறுபாடு தோன்றாவிடினும், இலத்தீன், கிரேக்கச் சொற்களின் முதலொலி 'அங்கம்' என்னுஞ் சொல்லில் வரும் மெலிந்த ககரமாகும். ஜேர்மானிய மொழிகளில் அது வல்லொலியாயிற்று. இவ்வகை மாற்றங்கள் ஒழுங்கான விதிக்கு அமைந்தவை என்பதனை 1822இல் வெளிவந்த தமது ஜேர்மன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் யாக்கோப் கிறிம் விரிவாக நிறுவினார். இலத்தீனில் தானியத்தைக் குறிக்கும் 'கிரானும்' ஆங்கிலத்தில் 'கோர்ன்' என நிற்பதும், குலத்தைக் குறிக்கும் 'கெனுஸ்' என்பதற்கு நேராகச் சுற்றத்தைக் குறிக்கும் 'கின்' வழங்குவதும் அதே விதிப்படியே.

பொருளின் வரலாறு

முழங்காற் சொல் உறுப்பை மட்டும் குறித்து நின்றதன்று. கப்பற்றச்சர், கப்பலின் குறுக்குவிட்டத்தைப் பக்கச்சுவருடன் பிணைக்கும் வளைந்த மரத்துக்கு இப்பெயரையே இட்டனர். அடிமரத்தினின்று கிளை பிரியும் இடத்தில் இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்துண்டுகள் இதற்கு விரும்பப்பட்டன. முழந்தாளிடுதலைக் குறிக்கும் 'நீல்' என்னும் வினையும் இதன் அடியாகப் பிறந்ததே.

இவற்றினும் சிறப்பாகக் கருதத்தக்கது, இன்று வழக்கிழந்த பிறிதொரு பொருளாகும். பழைய ஆங்கிலத்தில் 'க்னேயோ' என்பது தலைமுறையையும் உறவுப்படியையும் குறித்தது. 1008ஆம் ஆண்டைச் சேர்ந்த ஈதல்ரெட் மன்னனின் சட்டம், கிறித்தவன் ஒருவன் நெருங்கிய இரத்த உறவினுள் மணம்புரிதலை விலக்குகையில், அவ்வெல்லையை 'நான்காம் முழங்காலுக்குள்' என அளவிடுகின்றது. ஒருவன் எவளை மணக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாக முழங்கால் அமைந்தது என்பது நோக்கற்பாலது.

மடியில் இருத்தும் வழக்கு

இப்பொருள் தோன்றியதற்குப் பண்டைய வழக்கொன்றைக் காரணமாகக் காட்டுவர். பிறந்த குழவியைக் குடும்பத் தலைவனின் முழங்கால்மீது இருத்துதல், அதனைக் குலத்தில் ஒருவராக ஏற்பதன் அடையாளமாக இருந்தது. ஹோமரின் ஒடிசியில் குழவியான ஒடிசியசைச் செவிலி அதன் தாய்வழிப் பாட்டனின் முழங்கால்மீது வைத்துப் பெயரிடுமாறு வேண்டுகின்றாள். விவிலியத்தின் ஆதியாகமத்தில், மகப்பேறற்ற ராகேல் தன் பணிப்பெண் ஈனும் பிள்ளையைத் தன் முழங்கால்கள்மீது பெற்றுத் தனதாக்கிக்கொள்ள விழைகின்றாள்.

வடபுலத்தில் இவ்வழக்கு அரசியற் கருவியாகவும் பயன்பட்டதைக் கதையொன்று உணர்த்துகின்றது. ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்நொரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் இதனை எழுதிவைத்தார். நோர்வே மன்னன் ஹரால்டின் தூதன், அரசனின் மகன் ஹாக்கோனை ஆங்கில மன்னன் அதெல்ஸ்தனின் முழங்கால்மீது திடீரென இருத்திவிட்டான். பிறன் பிள்ளையை வளர்ப்பவன் தாழ்ந்தவன் எனக் கருதப்பட்டமையால் அதெல்ஸ்தன் சினந்து வாளைப் பற்றினான். ஆயினும் முழங்காலில் அமர்ந்துவிட்ட சிறுவனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தான். ஹாக்கோனும் 'அதெல்ஸ்தனின் வளர்ப்பு மகன்' என்றே வரலாற்றில் பெயர்பெற்றான். கதை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததா என்பது வேறு வினா. முழங்காலில் இருத்தலின் பொருளைக் கேட்போர் விளக்கமின்றியே உணர்ந்தனர் என்பதற்கு அது சான்றாகின்றது. நோர்ஸ் மொழியில் 'முழங்காலில் இருத்தல்' என்னுந் தொடரே பிள்ளையாக ஏற்றலைக் குறித்தது.

மயக்கமும் தெளிவும்

இந்நிலையில் அறிஞர் சிலர் மேலும் ஓர் அடி சென்றனர். 'கெனு' முழங்கால், 'கெனுஸ்' குலம். ஆங்கிலத்திலும் 'நீ', 'கின்' என்னும் இரண்டும் ககரத்தையும் னகரத்தையும் எழுத்திற் கொண்டவை. ஆகவே முழங்காற் சொல்லும் பிறப்பித்தலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின என அவர்கள் கருதினர். இயல்பான, உண்மையான என்னும் பொருளுடைய 'கெனுயினுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையும் தந்தையின் முழங்காலில் ஏற்கப்பட்ட பிள்ளையோடு தொடர்புபடுத்தினர்.

கவர்ச்சி மிக்க இக்கொள்கையை ஒலியமைதி ஆதரிக்கவில்லை. தந்தையைக் குறிக்கும் இலத்தீன் 'கெனிதொர்', வடமொழி 'ஜனிதா' ஆகியவற்றில் வேருக்கும் விகுதிக்கும் இடையே ஓர் உயிர் தோன்றுகின்றது. வேரின் இறுதியில் முன்பு நின்று பின்னர் மறைந்த மெய்யொன்றின் எச்சம் அதுவென மொழியியலாளர் கொள்வர். முழங்காற் சொற்களில் அம்மெய்யின் சுவடு இல்லை. எனவே இரண்டும் வேறுவேறு வேர்கள் என்பதே இன்று பெரும்பாலோர் துணிபு.

பிறமொழிச் சான்றுகளும் இத்துணிபுக்கு இயைந்து செல்கின்றன. இரசிய மொழியில் 'கொலேனோ' என்னும் சொல் முழங்காலையும் தலைமுறையையும் குறிக்கும். அது 'கெனு' என்பதனோடு தொடர்பற்றது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சாராத பின்லாந்து மொழியிலும் 'பொல்வி' முழங்கால். 'சுகுபொல்வி', அதாவது 'சுற்றத்தின் முழங்கால்', தலைமுறை. ஆகவே முழங்காலைத் தலைமுறையோடு இணைத்தது வேர்ச்சொல்லின் ஒற்றுமை அன்று. மனிதரின் வழக்கும் கற்பனையுமே ஆகும். மடியில் இருத்தும் வழக்கோடு, உடலின் மூட்டுக்களைக் கொண்டு உறவை எண்ணும் முறையும் இதற்கு உதவியிருத்தல் கூடும். 13ஆம் நூற்றாண்டின் சாக்சனியச் சட்டநூல், தலையில் தொடங்கிக் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்மூட்டுக்கள் வழியே நகம்வரை உறவுப்படிகளை வகுக்கின்றது. தமிழர் 'தலைமுறை' எனத் தலையைக் கொண்டு எண்ணியதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஒலி ஒத்தமையால் மட்டும் சொற்கள் உறவாவதில்லை. ஒலி வேறுபட்டமையால் மட்டும் அவற்றின் உறவு அற்றுப்போவதும் இல்லை. பின்னையதற்குச் சான்று இலங்கையிலேயே உளது. சிங்களத்தில் முழங்காலைக் குறிக்கும் 'தண' என்னும் சொல் 'ஜானு' என்பதன் வழிவந்தது. வடமொழி ஜகரம் சிங்களத்தில் மெலிந்த தகரமாதல் 'ஜல', 'தல' என்னும் நீரைக் குறிக்கும் சொற்களிலும் காணத்தக்கது. செவிக்கு ஒற்றுமை சிறிதும் புலப்படாத ஆங்கிலச் சொல்லும் சிங்களச் சொல்லும் ஒருதாய் மக்கள். செவிக்கு இரட்டையராய்த் தோன்றும் 'கெனு', 'கெனுஸ்' என்பனவோ அயலார். ஓசையொப்பு ஒன்றையே துணைக்கொண்டு தமிழ்ச் சொற்களுக்கு உலகமெங்கும் உறவு தேடும் முயற்சிகள் மலிந்துள்ள சூழலில், இச்சிறு சொல்லின் வரலாறு புகட்டும் நெறி மனங்கொள்ளத்தக்கதாகும்.