தவறான தீநிரல் எச்சரிக்கை

தவறான தீநிரல் எச்சரிக்கை என்பது தீங்கற்ற கோப்பு ஒன்றை நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தீநிரல் எனப் பிழையாக அடையாளம் காண்பதாகும். இது போலி நேர்மறை எனவும் அழைக்கப்படும். இயங்குதளத்திற்கு இன்றியமையாத கோப்பு ஒன்று இவ்வாறு நீக்கப்பட்டால் கணினி தொடங்காமலே போகலாம்.

காரணங்கள்

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருட்கள் பெரும்பாலும் இரு முறைகளைக் கையாள்கின்றன. அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளக் குறிகளைக் கோப்புகளுடன் ஒப்பிடுதல் முதலாவது ஆகும். குறி குறுகியதாக இருப்பின், அதே பைட்டுத் தொடர் நல்ல கோப்பிலும் தற்செயலாக அமையக்கூடும். நிரலின் அமைப்பு, நடத்தை ஆகியவற்றைக் கொண்டு ஊகித்தல் இரண்டாவது ஆகும். சுருக்கிப் பொதியப்பட்ட நிரல்கள், விசைத்தட்டல்களை இடைமறிக்கும் தட்டச்சு உதவி மென்பொருட்கள், இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத புதிய நிரல்கள் ஆகியன இம்முறையில் ஐயத்துக்குள்ளாவதுண்டு.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* 2007 மே: சைமன்டெக் வெளியிட்ட இற்றைப்படுத்தல், விண்டோசு எக்ஸ்பியின் சீனமொழிப் பதிப்பில் இருந்த இரு இயங்குதளக் கோப்புகளைத் தீநிரலாகக் கருதியது.
* 2008 நவம்பர்: ஏவிஜி, விண்டோசின் யூசர்32.டிஎல்எல் கோப்பை அவ்வாறே கருதியது.
* 2010 ஏப்ரல் 21: மக்காஃபியின் 5958ஆம் இற்றைப்படுத்தல், எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட்.எக்ஸ்இ கோப்பைத் தாக்கியது. கணினிகள் மீண்டும் மீண்டும் மறுதொடக்கமாகி வலையிணைப்பையும் இழந்தன. எனவே பலவற்றை நேரில் சென்றே சரிசெய்ய வேண்டியிருந்தது.

சரிபார்க்கும் முறை

# உலாவியில் தோன்றித் தொலைபேசி எண்ணை அழைக்கச் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் மோசடியே. எச்சரிக்கை நிறுவப்பட்ட மென்பொருளிலிருந்து வந்ததா என்பதை அதன் வரலாற்றுப் பக்கத்தில் உறுதிசெய்ய வேண்டும்.
# கோப்பை அழிக்காமல் தனிமைப்படுத்த வேண்டும். தனிமைப்படுத்திய கோப்பைப் பின்னர் மீட்கலாம்.
# கோப்பின் பெயர், இருப்பிடம், தீநிரலின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
# மென்பொருளை இற்றைப்படுத்தி மீண்டும் சோதிக்க வேண்டும்.
# 2004இல் தொடங்கப்பட்டு 2012இல் கூகுள் வாங்கிய வைரசுடோட்டல் தளத்தில் பல பொறிகளைக் கொண்டு கோப்பைச் சோதிக்கலாம். பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால் தனிப்பட்ட ஆவணங்களைப் பதிவேற்றக் கூடாது.
# பிழை எனத் தெரிந்தால் மென்பொருள் நிறுவனத்துக்குக் கோப்பை அனுப்பலாம். விலக்கு அளிப்பதாயின் அக்கோப்பிற்கு மட்டும் அளிக்க வேண்டும். பாதுகாப்பை முழுவதுமாக நிறுத்தக் கூடாது.

வரம்புகள்

ஒன்றிரண்டு பொறிகள் மட்டுமே எச்சரிப்பது போலி நேர்மறைக்கான அறிகுறியே தவிரச் சான்று அன்று. புதிய தீநிரல்களையும் தொடக்கத்தில் சில பொறிகளே கண்டறிகின்றன. கையொப்பமும் முழு உறுதி தருவதில்லை. 2017இல் சிகிளீனர் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்துடனேயே தீநிரலைச் சுமந்து வெளிவந்தது. ஐயம் தீராத கோப்பைத் தனிமையிலேயே வைத்திருப்பது நலம்.

இவற்றையும் பார்க்க

* கணினி நச்சுநிரல்
* இலக்கமுறைக் கையொப்பம்