கசிநீரும் உரிமையும்: கொலராடோவில் வயல்நீர் நகரம் சென்ற வரலாறு

நீரை முந்திப் பயன்படுத்தியவருக்கே முந்துரிமை என்னும் நெறியை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1876ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே ஏற்றது. வாய்க்காலில் திருப்பிய நீர் முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சியது நிலத்தடியில் கசிந்து, பல மாதங்கள் கழித்தும் ஆற்றை அடைகிறது. கீழ்மடை உழவர் பலர் அக்கசிநீரை நம்பியே பிற்காலத்தில் உரிமை பெற்றனர். அவர்கள் உரிமை பெற்றபோதிருந்த ஆற்றுநிலை தொடர வேண்டும் என்பதை 1954இல் கோல்டன் நகர வழக்கில் மாநில உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

எனவே வயல்நீரை வாங்கும் நகரம், பயிர் உண்டு ஆவியாக்கிய அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். கசிநீரின் அளவை, அது வந்துசேர்ந்த காலத்திலும் இடத்திலும் ஆற்றுக்கு ஈடுசெய்தாக வேண்டும். தேக்கத்திலிருந்து திறந்துவிடுதல், குளத்தில் நிரப்பி மணலூடே கசியவிடுதல் ஆகியன இதற்கான வழிகள்.

ஆற்றைக் காத்த இவ்விதி ஊரைக் காக்கவில்லை. தம் உரிமைக்கு ஊறு என நீருரிமை உடையவர் வழக்காடலாம். கூலியாளுக்கும் விதை வணிகருக்கும் அவ்வுரிமை ஏது? ஆர்க்கன்சாஸ் ஆற்றுப்படுகையில் கொலராடோ கால்வாய்ப் பங்குகளை அரோரா, கொலராடோ ஸ்பிரிங்ஸ் முதலிய நகரங்கள் வாங்கியபின், ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெற்றிருந்த க்ரவுலி மாவட்டத்தில் சில ஆயிரம் ஏக்கரே எஞ்சின. நீரிழந்த வயலில் புல் வளர்க்கும் கடமையைச் சட்டம் பின்னரே சேர்த்தது.