நன்கொடை உறுதியை இரத்துச் செய்தல் (வன்னி)

பிள்ளைகளுக்குக் காணியை நன்கொடையாக எழுதிக்கொடுத்த முதிய பெற்றோர், பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டால் அதைத் திரும்பப் பெறுவதற்குள்ள உரிமை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இவ்வுரிமை காணியின் வகையைப் பொறுத்து மாறும். உறுதிக் காணிக்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியில் பின்னுரித்தை மாற்றப் பெரும்பாலும் பிரதேச செயலகமே போதும்.

தேசவழமை

வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வன்னிக்கும் உரியது. ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யொவான் சைமன்ஸின் பணிப்பில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இதைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் தமிழாக்கத்தைப் படித்து ஒப்புக்கொண்டபின் 1707இல் இது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் இதற்கு முழு வலுக் கொடுத்தனர்.

குடும்பச் சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கப்பட்டது. மகளுக்குரியது கலியாணத்தோடு சீதனமாகப் போய்விடும். ஆண்மக்களோ பெற்றோர் உயிரோடிருக்கும்வரை எதையும் கேட்க முடியாது. கலியாணமாகாத மகன் உழைத்தது, அவனுடைய பொன், வெள்ளி நகைகள் நீங்கலாக, பொதுச் சொத்தில் சேரவேண்டும். பெற்றோர் பட்ட கடனைத் தீர்ப்பதும் ஆண்மக்களின் பொறுப்பே. ஆகவே சீதனம் போக எஞ்சிய வீடும் வயலும் கடைசிவரை முதியவர் கையிலேயே இருந்தன. கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கும் அவலம் அரிதாயிற்று. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வழமைகளிற் பலவற்றை மாற்றியது.

உரோம டச்சுச் சட்டம்

நன்கொடையை இரத்துச் செய்வது இன்று உரோம டச்சுச் சட்டத்தின் பாற்பட்டது. அதன் வேர் 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசன் வகுத்த சட்டத் தொகுப்பில் உள்ளது. கொடுத்தவரைக் கைநீட்டி அடித்தல், உயிருக்கு உலைவைத்தல், கடுமையாக இழிவுபடுத்தல், சொத்துக்குப் பெருஞ்சேதம் விளைத்தல், ஏற்ற நிபந்தனையை நிறைவேற்றாமை என நன்றிகேட்டுக்கு ஐந்து காரணங்களை அது வகுத்தது. இவற்றுக்கு இணையானவையும் மேலானவையும் காரணமாகலாம் என்றார் ஒல்லாந்த சட்ட அறிஞர் யொகான்னஸ் வூட். காணியை வாங்கிக்கொண்டு தாயைப் பட்டினி போடுவது அவ்வகையைச் சேர்ந்ததே. பாரதூரமான நன்றிகேடு எது என்பதை உயர் நீதிமன்றம் ரணவீர மெனிக்கே எதிர் ரோகிணி சேனநாயக்க வழக்கில் (1992) விரிவாக ஆராய்ந்தது.

கண்டிச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டம் இதற்கு மாறானது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, நன்கொடையைக் கொடுத்தவரே இரத்துச் செய்யலாம். வன்னித் தமிழ்ப் பெற்றோருக்கு அந்த வசதி கிடையாது.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

முன்பு சிலர் நொத்தாரிசிடம் போய்த் தனியே ஓர் இரத்து உறுதி எழுதுவித்தனர். நன்கொடை பெற்ற பிள்ளை அறியாமலேயே காணி கைமாறிப் பிணக்குகள் பெருகின. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதை நிறுத்தியது. மீளப்பெற முடியாதென எழுதப்பட்ட நன்கொடையைப் பாரதூரமான நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே இரத்துச் செய்யலாம். வழக்கிடக் கால எல்லையும் உண்டு. பிள்ளை திருந்துவான் எனக் காத்திருக்கும் பெற்றோர் உரிமையையே இழக்க நேரும்.

அனுமதிப்பத்திரக் காணி

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் மக்கள் ‘பெர்மிற் காணி’ என்று சொல்வது, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. இதை விருப்பப்படி எழுதிக்கொடுக்க முடியாது. காணி பெற்றவர் தமக்குப்பின் உரித்தாளர் ஒருவரை நியமிக்கிறார். மூன்று பிரதிகளில் ஒப்பமிட்ட அந்த ஆவணம் அவர் இறக்கும் முன் பதியப்பட வேண்டும். மகன் கைவிட்டால் நியமனத்தை நீக்கி, பராமரிக்கும் மகளை நியமிக்கலாம், வழக்குத் தேவையில்லை. நியமனம் இல்லாதபோது மூத்த மகனுக்கிருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது.

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் பராமரிப்புப் பணம் கொடுக்குமாறு சபை தீர்மானிக்கும். காணியை அது மீட்டுத் தராது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாகப் பெற்ற சொத்தை உரிமையியல் வழக்கின்றித் தீர்ப்பாயமே மீட்க வழிசெய்கிறது. இலங்கையில் அத்தகைய ஏற்பாடு இல்லாதபடியால், சாகும்வரை காணியை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கு ஒதுக்கி உறுதி எழுதுவிப்பதே வன்னிப் பெற்றோருக்குள்ள உறுதியான காப்பு.