புறமுதுகு

சென்ற வாரம் உங்களைக் கொலோன் மைதானத்தில், 120-வது நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோபம் வந்திருக்கும். வரட்டும். அந்த இரவில் அங்கே நின்றவர்கள் பட்ட பாட்டில் நமக்கும் கொஞ்சம் பங்கு வேண்டாமா?

விசில் ஊதியாயிற்று. உக்ரைன் பூஜ்யம், சுவிட்சர்லாந்து பூஜ்யம்.

முதல் பாதியில் ஷெவ்சென்கோ பாய்ந்து தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில நிமிடங்களில் சுவிஸ் வீரர் ஃபிரை அடித்த ஃப்ரீ கிக்குக்கும் அதே கதி. அதற்குப் பிறகு உருப்படியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2006 உலகக் கோப்பையிலேயே படுமோசமான ஆட்டம் இதுதான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் அடுத்து வந்த சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அவற்றை யாருக்காகவும் விட்டுத்தர முடியாது.

பெனால்ட்டி. ஆளுக்கு ஐந்து. ஜெயித்தால் காலிறுதி. தோற்றால் காலையில் விமானம்.

உக்ரைன் வீரர்கள் நடு வட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். முதல் அடி கேப்டனுடையது. எல்லாரும் ஒரு முறை பெஞ்ச் பக்கம் பார்க்கும் நேரம் அது. கோச் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடும் நேரம்.

கோச் அங்கே இல்லை.

ஓலெக் பிளோகின் மைதானத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்விட்டார்!

யார் இப்படிப் போகிறார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோவியத் சட்டையில் 112 ஆட்டம், 42 கோல். சோவியத் லீகில் அவர் அளவுக்குக் கோல் போட்டவர் எவரும் இல்லை. மியூனிக்கில் பெக்கன்பவரின் பயர்ன் அணிக்கு எதிரே, ஒற்றை ஆளாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய் செப் மையர் காத்த வலைக்குள் அடித்தாரே, அந்த அத்தியாயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் பிளோகினுக்கு 122 புள்ளி. இரண்டாவதாக வந்த பெக்கன்பவருக்கு 42. அப்படிப்பட்டவர் ஒரு பெனால்ட்டியைப் பார்க்கப் பயந்தாரா?

பயம்தான். அதை மழுப்ப வேண்டாம். ஆனால் எதைப் பற்றிய பயம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அவர் அம்மா ஓட்டப்பந்தய வீராங்கனை. பிள்ளைக்கும் அதே கால். எந்தச் சிக்கல் வந்தாலும் பிளோகினுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே தீர்வுதான்: பந்தைக் கொடு, நான் ஓடுகிறேன். கோச் ஆனதும் அந்தத் தீர்வு பிடுங்கப்பட்டுவிட்டது. 90 நிமிடமும் கோட்டோரம் நின்று கத்தலாம், ஆளை மாற்றலாம், நடுவரைத் திட்டலாம். மூன்றையும் அவர் தாராளமாகவே செய்தார். பெனால்ட்டி என்று வந்துவிட்டால் அதுவும் கிடையாது. கத்தி என்ன ஆகப்போகிறது? 53 வயது. முடிவு இன்னொருவர் காலில் இருக்கிறது. தன் கால் சும்மா இருக்கிறது.

அவருடைய குருவாக இருந்தால் என்ன செய்திருப்பார் தெரியுமா? உட்கார்ந்திருப்பார். லோபனோவ்ஸ்கியை நாம் எத்தனை வாரம் பார்த்தோம்! பெஞ்சில் கல்லாகச் சமைந்த முகத்தோடு, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, வெற்றியையும் தோல்வியையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும் மனிதர். ஆட்டத்தை எண்ணாகப் பார்த்தவர் அவர். பிளோகினுக்கு அந்தக் குளிர்ச்சி ஒருநாளும் வந்ததில்லை. மாணவனுக்குக் குருவின் கோப்பைகள் கிடைத்தன, நாற்காலியும் கிடைத்தது. நெஞ்சு கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அணியை இங்கே கொண்டுவந்ததே அவருடைய வாய்தான்!

உக்ரைன் தனி நாடானது முதல் உலகக் கோப்பை என்பது அந்த நாட்டுக்குக் கண்ணெதிரே மூடும் கதவு. ஒரு முறை குரோவேஷியா மூடியது. இன்னொரு முறை ஜெர்மனி மூடியது, அதுவும் லோபனோவ்ஸ்கியே கோச்சாக இருந்தபோது. அவருக்கே முடியாததை யார் செய்வது? பிளோகின் பொறுப்பேற்றார். குழுவில் துருக்கி, டென்மார்க், ஐரோப்பிய சாம்பியன் கிரீஸ். நாங்கள்தான் முதலிடம் என்றார். சிரித்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் இன்னொரு வேலை பார்க்கலாமா என்று நடுவில் ஒரு வம்பு வேறு வந்து, பதவியை விட்டு விலகி, பிறகு திரும்பினார். கடைசியில் இஸ்தான்புல்லில் மூன்று கோல், கிரீஸ் மண்ணில் ஒரு கோல், திபிலிசியில் ஒரு டிரா. போட்டியை நடத்தும் ஜெர்மனியைத் தவிர, ஐரோப்பாவிலிருந்து முதலில் தகுதி பெற்றது உக்ரைன்.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். லைப்சிக் வரைக்கும்!

முதல் ஆட்டத்திலேயே ஸ்பெயின் நான்கு கோல் போட்டது. பதிலுக்கு ஒன்றுமில்லை. வாஷ்சுக் சிவப்பு அட்டை வாங்கினார், ஒரு பெனால்ட்டியும் போயிற்று. இரண்டையும் கொடுத்த நடுவர் சுவிட்சர்லாந்துக்காரர் என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் வாஷ்சுக் ஒரு காரணம் சொன்னார் பாருங்கள், அதற்கு உலகமே சிரித்தது: போட்ஸ்டாமில் விடுதியைச் சுற்றித் தவளைகள் ராத்திரி முழுக்கக் கத்துகின்றன, தூங்க முடியவில்லை! இத்தனை வருடக் காத்திருப்பு கடைசியில் தவளை ஜோக்காகிவிடுமோ என்று கீவில் கவலைப்பட்டிருப்பார்கள். சவூதியை நான்கு கோலில் வென்று, துனிசியாவை ஷெவ்சென்கோவின் பெனால்ட்டியில் தாண்டி, எப்படியோ கொலோன் வந்து சேர்ந்தார்கள்.

இத்தனையும் சுமந்துகொண்டுதான் அந்த மனிதர் உள்ளே போனார். நாம் வெளியே இருப்போம். அவர் பார்க்காததை நாம் பார்ப்போம்.

ஷெவ்சென்கோ பந்தை வைக்கிறார்.

பெனால்ட்டிப் புள்ளிக்கும் இவருக்கும் தீராத கணக்கு. ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸுக்கு எதிரே கடைசிப் பெனால்ட்டியைப் போட்டு மிலானுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அந்தப் பதக்கத்தை லோபனோவ்ஸ்கியின் கல்லறைக்கு எடுத்துப் போனவர். இரண்டே வருடத்தில் இஸ்தான்புல்லில், லிவர்பூலின் டூடெக் தடுத்த அந்தக் கடைசிப் பந்தையும் அடித்தவர். இப்போது மூன்றாவது முறை. கிளப் சட்டை இல்லை, நாட்டுச் சட்டை.

ஓடி வந்தார். அடித்தார். வேகமில்லை.

சூபர்ப்யூலர் தடுத்துவிட்டார்.

சுவிஸ் ரசிகர்கள் எழுப்பிய சத்தம் டிரெஸ்ஸிங் ரூம் சுவர் வரைக்கும் போயிருக்கும். உள்ளே இருப்பவருக்கு அதைவிடத் தெளிவான சேதி வேண்டுமா? உக்ரைனின் மிகச் சிறந்த கால் தவறிவிட்டது. இனி யார்?

இனி, கால் அல்ல. கை.

கீவ் டைனமோவின் ஒலெக்சாந்தர் ஷோவ்கோவ்ஸ்கி கோல் கோட்டுக்கு நடந்தார். 31 வயது. பிளோகின் ஐரோப்பாவின் சிறந்த வீரரான அதே வருடம் பிறந்தவர். எதிரே ஸ்ட்ரெல்லர். அடி பலவீனம். ஷோவ்கோவ்ஸ்கி விழுந்து தடுத்தார். கணக்கு மறுபடி சமம்.

இங்கே ஒரு நிமிடம் சுவிஸ் பெஞ்சுக்குப் போவோம். அங்கே கோபி குன் என்ற கோச் ஓடிப்போகாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய முதல்தர ஸ்ட்ரைக்கர் ஃபிரை. ஆமாம், பெஞ்சில்! 117-வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டு லுஸ்ட்ரினெல்லியை அனுப்பியிருந்தார் குன். பெனால்ட்டிக்கு மூன்றே நிமிடம் இருக்கும்போது, கோல் போடுவதையே தொழிலாகக் கொண்டவரை உட்கார வைத்தால் என்ன அர்த்தம்? அந்த மூன்று நிமிடத்தில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தாரா, ஃபிரையின் கால்கள் ஓய்ந்துவிட்டன என்று கண்டாரா? எதுவானாலும் எனக்கு அது புரியவே மாட்டேன் என்கிறது. பார்த்துக்கொண்டே இருந்த கோச் செய்த தவறு, பார்க்காமல் போன கோச்சின் பலவீனத்தைவிடப் பெரியது.

உக்ரைனின் இரண்டாவது அடி.

அர்தேம் மிலெவ்ஸ்கி. 21 வயது. 111-வது நிமிடத்தில் பிளோகின் உள்ளே அனுப்பிய பையன். கேப்டன் சற்றுமுன் தவறவிட்ட அதே புள்ளிக்கு, தன் நாட்டின் முதல் உலகக் கோப்பையில், நடந்து போகிறான். வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்திருப்பார்கள்.

ஓடி வந்தான். சூபர்ப்யூலர் ஒரு பக்கம் பாய்ந்தார்.

மிலெவ்ஸ்கி பந்தை மெல்லத் தூக்கிப் போட்டான். நடுவில்.

பாயசத்தில் முந்திரி போடுகிற மாதிரி!

பந்து நிதானமாகப் போய் வலையில் விழுந்தது. பனென்கா செய்ததை இந்தப் பையன் கொலோனில் செய்கிறான். பனென்கா யார் என்று உங்களுக்குத் தெரியும். சோவியத் அணியைக் காலிறுதியில் வீட்டுக்கு அனுப்பிய செக்கோஸ்லோவாக்கியாவின் மீசைக்காரர். அன்று தோற்ற அணியில் பிளோகின் இருந்தார். அதே கோடையில் இறுதிப் போட்டியில் பனென்கா அப்படித் தூக்கிப் போட்டு ஏமாற்றியது யாரை? செப் மையரை! முந்தின வருடம் பிளோகின் தனியாக ஓடிவந்து கோலடித்த அதே செப் மையரை. முப்பது வருடம் சுற்றி வந்த பந்து, பிளோகினின் அணிக்காக உள்ளே விழுகிறது. பிளோகின் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

ஒரு வகையில் நல்லதுதான். பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

பார்னெட்டா வந்தார். ஓங்கி அடித்தார். பந்து மேல் கம்பத்தில் மோதித் தெறித்தது.

அடுத்து செர்ஹி ரெப்ரோவ். 32 வயது. கீவில் ஷெவ்சென்கோவின் இரட்டைக் குழல் துப்பாக்கியில் இன்னொரு குழல். மிலான் போனவர் உச்சிக்குப் போனார். லண்டன் போன ரெப்ரோவோ பெஞ்சில் தேய்ந்து, கடைசியில் கீவுக்கே திரும்பி வந்தார். நண்பன் தவறவிட்ட இடத்தில் இப்போது இவர். அலட்டிக்கொள்ளவில்லை. கோல்!

சுவிட்சர்லாந்துக்கு கபானாஸ்.

ஷோவ்கோவ்ஸ்கி மறுபடியும் தடுத்தார்!

மூன்று அடி, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. உலகக் கோப்பைப் பெனால்ட்டியில் ஒரு கோலும் விடாமல் நின்ற கோல் கீப்பர் அதுவரை ஒருவரும் இல்லை. ஆட்டத்தில் மறுபக்கத்து விநோதத்தையும் கேளுங்கள். பிரான்ஸ், டோகோ, தென் கொரியா, உக்ரைன் என்று நான்கு ஆட்டம் ஆடியும் சுவிட்சர்லாந்து ஒரு கோலும் வாங்கவில்லை. ஒரு கோலும் வாங்காமலே ஊர் திரும்பப் போகிறார்கள்.

போகிறார்களா? இன்னும் ஓர் அடி பாக்கி.

ஒலெஹ் ஹுசேவ். சூமிப் பையன். வலது ஓரத்தில் இரண்டு மணி நேரம் ஓடிய கால். இது உள்ளே போனால் முடிந்தது.

போயிற்று!

மூன்றுக்குப் பூஜ்யம். நடு வட்டம் கலைந்தது. ஒரு கும்பல் ஷோவ்கோவ்ஸ்கியை நோக்கி, ஒரு கும்பல் ஹுசேவை நோக்கி. மஞ்சள் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அத்தனை பேரிலும் அதிக நிம்மதி யாருக்கு என்று கேட்டால் ஷெவ்சென்கோவுக்கு என்றுதான் சொல்வேன். அன்று தோற்றிருந்தால் இஸ்தான்புல்லோடு கொலோனும் சேர்ந்து அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொடர் போகப் போக அது வேலைக்கு ஆகும். ஷெவ்சென்கோ, ரெப்ரோவ், ஷோவ்கோவ்ஸ்கி மூவரும் பின்னாளில் கோச் ஆனவர்கள். அதில் முதல் இருவர் பிளோகின் அமர்ந்த அதே தேசிய அணி நாற்காலியில். அவர்களுடைய கதை வரும்போது இந்த இரவை ஞாபகப்படுத்துவேன்.

இப்போது நேரமில்லை. நான்கே நாள் இடைவெளி. எதிரே இத்தாலி.

மைதானம் என்னவோ பழகினதுதான். சவூதியை நாலு கோலில் வென்ற அதே ஹாம்பர்க். ஆனால் எதிரணியைப் பாருங்கள். பிர்லோ. கட்டூசோ. மிலானில் வருடக்கணக்காக ஷெவ்சென்கோவோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் சட்டை மாற்றியவர்கள். எந்தக் காலால் அடிப்பார், எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது கோபம் வரும் என்று அத்தனையும் தெரிந்தவர்கள். பிளோகினின் அணிக்கு இருப்பதோ ஒரே ஒரு பெரிய ஆயுதம். அதன் விசை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியும்.

இந்த முறை கோச் எங்கேயும் போகவில்லை. கோட்டோரமே நிற்கிறார்.

ஆறாவது நிமிடம். பெட்டிக்கு வெளியே சம்புரோட்டாவின் காலில் பந்து. தடுக்க வேண்டியவர் ஓர் அடி தள்ளி நிற்கிறார். சம்புரோட்டா தலையை நிமிர்த்திக் கோல் கம்பத்தைப் பார்க்கிறார். பிளோகின் கத்த வாயெடுக்கிறார்...

(தொடரும்)