சாலைக் கிணற்றுத் தண்ணீர்



பழம்பெருமை நம்மை வளர்க்கிறது என்று எதிரணித் தலைவர் கல்வெட்டு கல்வெட்டாக அடுக்கினார். நானும் கல்வெட்டோடுதான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவோம்.

செவிலிமேடு. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். தறிச் சத்தம் கேட்கும். என் மாணவி ஒருத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். வாத்தியார் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி. மாப்பிள்ளையின் அப்பா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சார், நாங்க சோழர் காலத்துலேர்ந்தே சங்கு ஊதுற உரிமை உள்ள பரம்பரை. பொண்ணு குணமெல்லாம் சரி. நிறந்தான் கொஞ்சம் மட்டு. அம்மா வழி வேற வேற ஆளுங்களாமே? பத்துப் பவுன் சேர்த்துப் போட்டுடுங்க."

நிறத்துக்கு அஞ்சு, கலப்புக்கு அஞ்சு. பெண்ணாகப் பிறந்ததற்கு? அது அடக்க விலையிலேயே சேர்ந்துவிட்டது! (சிரிப்பு) பையன் என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணின் அம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பை மட்டும் சம்பந்தியம்மாள் தொடவே இல்லை. "இப்பதான் குடிச்சேன்" என்றார்.

நிறவெறி என்றால் ஏதோ அமெரிக்காவில் நடக்கிறது என்று நினைக்கிறோம். நம் கூடத்துப் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சோழர் காலம் வேறு சாட்சி!

சரி, அந்தச் சங்கைப் பார்ப்போம். கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஓர் ஆணை இருக்கிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகச் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். செருப்புக்கு அனுமதி என்றால் அதற்கு முந்தின நாள்வரை என்ன கதி? வெறுங்கால்! காஞ்சிக் கைக்கோளருக்கு இருந்த தண்டும் சங்கும், அதாவது பல்லக்கும் சங்கும், 15-ஆம் நூற்றாண்டில் வேறு ஊர் நெசவாளருக்கும் கிடைத்தன. அதற்கும் அதிகாரியின் ஆணை வேண்டியிருந்தது. பாட்டன் போராடி வாங்கினதைப் பேரன் எடுத்து அடுத்த வீட்டுப் பெண் தலையில் அடிக்கிறான்.

இதைச் சொன்னேன். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் அணியிலும் ஒருவர் அவசரப்பட்டார். "அந்தக் காலத்தில் தீண்டாமையே இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்றார். ஐயா, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி என்று எழுதியிருக்கிறது. கல்லில் பாதியை மட்டும் படிக்கிற பழக்கம் இரண்டு பக்கத்துக்கும் உண்டு.

கடல் தாண்டியும் உண்டு. 2017-இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறிக் கூட்டம் ஊர்வலம் போனது. சில கேடயங்களில் இடைக்கால ஐரோப்பாவின் சின்னங்கள். அந்த ஐரோப்பா முழுக்க வெள்ளையர் பூமி என்று நினைப்பு! ஜெர்மனியில் மாக்டபர்க் பேராலயம் இருக்கிறது. அங்கே 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பி புனித மொரிஷியசைக் கவசம் பூண்ட கறுப்பு வீரராகச் செதுக்கி வைத்திருக்கிறான். போய்ப் பார்த்திருந்தால் கேடயத்தைக் கீழே வைத்திருப்பார்கள்.

செவிலிமேட்டுக்கே திரும்புகிறேன். அங்கே சாலைக் கிணறு என்று ஒரு கிணறு. இராமானுசர் 1017-இல் பிறந்தவர். காசி யாத்திரையில் குருவே அவரைக் கொல்ல ஏற்பாடு செய்ய, விந்தியக் காட்டில் தப்பி ஓடினாராம். வேடனும் வேடுவச்சியும் வழித்துணை. விடியற்காலையில் வேடுவச்சிக்குத் தாகம். கிணற்றில் இறங்கி, கையில் ஏந்தி, மூன்று முறை கொண்டுவந்து கொடுத்தார். நாலாவது முறை வந்தால் ஆளைக் காணோம். நிமிர்ந்தால் காஞ்சிக் கோபுரம். வந்தவர்கள் வரதரும் தாயாரும் என்பது வைணவப் பெரியோர் சொல்லும் வரலாறு.

இதையும் அந்தக் கூடத்தில் சொன்னேன். "அது சாமி சார், அதனால குடுத்தார்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கொடுத்தபோது அவருக்குத் தெரியாதே! அவர் கண்ணுக்குத் தெரிந்தது காட்டுச் சாதிப் பெண் ஒருத்தி, அவளுடைய தாகம். அவ்வளவுதான். (கைத்தட்டல்)

வேன் கிளம்பிப் போனபின் என் மாணவி அந்தச் செம்பை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தாள். "ஐயா, பத்துப் பவுனும் வேணாம், பதினோராம் நூற்றாண்டும் வேணாம். நான் பி.எட். சேர்ந்துடறேன்" என்றாள்.

மணி அடித்துவிட்டார்கள்.