என் சாமி போன வீடு

நான் ராக் ஆள். டிரம்ஸ் இடிக்கணும், கிட்டார் அலறணும். உனக்கு எப்படி ஸ்வீடனின் ‘அபா’ குழுவைப் பிடிக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். என் பதில் ஒலிப்பதிவு அறையில் இருக்கிறது.

1973-இல் ‘ரிங் ரிங்’ பாட்டுக்காக ஒலிப்பொறியாளர் மைக்கேல் டிரெட்டோ, அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் அடர்த்தியான ஒலியைத் தேடினார். ஸ்பெக்டர் ஒரே அறையில் கலைஞர்களைக் கூட்டமாக அடைத்து வாசிக்க வைத்தவர். டிரெட்டோவுக்கு அந்த வசதி கிடையாது. இருந்தவர்களையே இரண்டாம் முறை வாசிக்க வைத்தார், டேப்பின் வேகத்தை மட்டும் துளி மாற்றி. சுருதி மயிரிழை விலகியது. கொஞ்சம் பேர் வாசித்தது பெருங்கூட்டமாகக் கேட்டது. பொறியியல் படித்தவன் இதில் விழாமல் எப்படி?

அடுத்த வருடம் பிரைட்டனில் ‘வாட்டர்லூ’ யூரோவிஷன் போட்டியை வென்றது. சொந்த நாட்டில் இடதுசாரி இசைக்காரர்கள் கொதித்தார்கள்: வெறும் வியாபாரம்! 1975-இல் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது எதிர்த்து மாற்று விழாவே நடத்தினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அபா காசு பார்த்த குழுதான். ஆனால் 1980-இல் வந்த ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’? உறவு முறிந்ததைப் பற்றி பியோர்ன் எழுதிய வரிகளை, அவரைப் பிரிந்த அக்னெத்தாவே பாடினார். அந்தக் குரலைக் கேட்டபின் ‘வியாபாரம்’ என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. அபா குழு 1978-இல் ஸ்டாக்ஹோமில் போலார் ஸ்டூடியோவைத் திறந்தது. அதே வருடம் அங்கே வந்து ஆல்பம் பதிவு செய்தது யார் தெரியுமா? லெட் செப்பலின்.

என் சாமியே அந்த வீட்டுக்குப் போயிருக்கு. நான் போகக் கூடாதா?